செழுந்துகில்: பழைய ஆடையை மீளப் புனைவார்க்கு ஒரு சொல்லாராய்ச்சி

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்கள் முழுமதியை ஒட்டி நிகழும் மாங்கனித் திருவிழா, பெரியபுராணத்தின் ஒரு பகுதியை ஊர் முழுதும் கூடி நின்று நிகழ்த்திக் காட்டும் விழாவாகும். பரமதத்தர் மாப்பிள்ளையாக அழைத்துவரப்படுதல், புனிதவதியார் திருமணம், பிச்சாடனர் பவளக்கால் சப்பரத்தில் உலா வருதல், அவ்வுலாவின்போது மக்கள் மாங்கனிகளை வாரி இறைத்தல், அமுது படையல், பாண்டிநாட்டில் கணவரின் மறுமணம், அம்மையார் பேயுருக் கொண்டு கயிலை சேர்தல் எனக் காப்பிய நிகழ்ச்சிகள் நிரல்பட நடைபெறுகின்றன. இவ்விழாவில் மணமகளுக்குச் சாத்தப்படுவது இக்காலத்துப் பட்டுப்புடவையே. கோயில் மரபு நோக்க இதில் குறை ஏதும் இல்லை. அவ்வக் காலத்து மக்கள் தம்பால் உள்ளவற்றுள் சிறந்த ஆடையைத் திருமேனிக்குச் சாத்துவர். அது வழிபாட்டின் பாற்பட்டது. ஆயின் புனிதவதியார் வாழ்ந்த நாளில் ஒரு வணிகர்குல நங்கை எதனை, எவ்வாறு உடுத்திருப்பாள் என்று வினவின், அவ்வினா வரலாற்றின் பாற்பட்டது. அதற்கு விடை காணும் முறையும் வேறு.

இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் புலவர் அல்லர். பழைய ஆடைகளை ஆய்ந்து, நெய்தும் தைத்தும் சாயமிட்டும் மீளப் புனைந்து உடுத்திப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஆர்வலர் அவர். மேலைநாடுகளில் இவ்வார்வம் நன்கு வேரூன்றியுள்ளது. ஐரோப்பிய இடைக்கால வாழ்வை மீள நடித்துப் பார்க்கும் கழகம் ஒன்று 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலியில் தோன்றியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, ஜேனட் ஆர்னால்டு என்னும் ஆங்கில அம்மையார், அருங்காட்சியகங்களில் எஞ்சியிருந்த மகளிர் உடைகளைத் தையல் தையலாக அளந்து வரைந்த நூலை வெளியிடத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இவ்வார்வத்தைத் தூண்டியவை கதையும் படமுமே. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த உருவங்களே சோழர் தோற்றம் என்று இரண்டு தலைமுறையினர் நம்பினர். அக்கதை 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களாக வந்தபின், குந்தவை போலவும் நந்தினி போலவும் புனைந்துகொள்ளும் இளையோர் பெருகினர். இதனை வெறும் வேடம் என்று புறந்தள்ளுவாரும் உளர். அது பொருந்தாது. ஓர் ஆடையை உடுத்தி நடந்து பார்ப்பவர், நூலகத்தில் அமர்ந்து படிப்பவருக்குத் தோன்றாத வினாக்களை எழுப்புகின்றனர். கொசுவம் எங்கே செருகப்பட்டது, நீரில் இறங்கினால் எவ்வளவு கனத்தது, ஒருத்தி தானே உடுத்திக்கொள்ள இயலுமா என்பன போன்றவை அவை. எம் மாணவியர் சிலர் இத்தகைய வினாக்களோடு வந்ததனாலேயே யாமும் இக்கட்டுரைப் பொருளில் புகுந்தோம்.

ஆர்னால்டு அம்மையார் கைக்கொண்ட முறை நமக்கு உதவாது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். அங்கே உடை எஞ்சியுள்ளது, அளக்கலாம். இங்கே அக்காலத் துணி ஒரு முழமேனும் எஞ்சவில்லை. நம் வெப்பமும் ஈரமும் கரையானும் அதனை விட்டுவைக்கவில்லை. பழைய இந்தியப் பருத்தித் துணிகள் எகிப்து நாட்டின் வறண்ட மண்ணிலேயே மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள்ளும் குசராத்து நாட்டுத் துணிகளே மிகப் பல. ஆகவே தமிழ்நாட்டுப் பழைய ஆடையைத் தேடுவார்க்குச் சிலையும் ஓவியமும் சொல்லும் தவிர வேறு புகலிடம் இல்லை. இம்மூன்றனுள் சொல்லே மிக எளிதில் கிடைப்பது. மிக எளிதில் ஏமாற்றுவதும் அதுவே.

காரைக்கால் அம்மையார் திருஞானசம்பந்தருக்கு முற்பட்டவர். அவர் காலம் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு எனலாம். அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் அனபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். அவன் ஆட்சி 1133 முதல் 1150 வரை நிகழ்ந்தது. இடைப்பட்டது அறுநூறு ஆண்டு. மேடையில் புனிதவதியாரை அணிசெய்ய விழைவோர் அம்மையார் காலத்து ஆடையைத் தேடுகின்றனரா, சேக்கிழார் கண்முன் கண்ட ஆடையைத் தேடுகின்றனரா என்பதை முதற்கண் துணிதல் வேண்டும். நாம் கண்ட முயற்சிகள் பலவற்றில் இத்துணிவு இல்லை. சங்கப்பாட்டில் ஒரு சொல், சோழர் ஓவியத்தில் ஒரு கரை, நாயக்கர் காலச் சிலையில் ஒரு கொசுவம் என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளை ஒரே உடம்பில் சுற்றிவிடுகின்றனர். அங்ஙனம் புனைந்த ஆடை அழகாக இருக்கலாம். அது எந்நூற்றாண்டிலும் எவளும் உடுத்திராத ஆடை.

இனிச் சேக்கிழார் கூறுவதைக் காண்போம். அறுபத்தாறு பாடல்களால் அமைந்த அம்மையார் புராணத்தில் புனிதவதியாரின் குழந்தைப் பருவமும் வளர்ந்த வனப்பும் திருமணமும் பேசப்படுகின்றன. அவர் உடுத்த ஆடை இன்னதென்று சேக்கிழார் வண்ணிக்கவில்லை. சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்து, அரண்மனைத் துகில்கள் அனைத்தும் கண்டவர் அவர். நாகையில் நிதிபதி மகன் மருமகனாக வரும் செல்வர் திருமணத்தில் பட்டாடையை விரித்துப் பாட அவருக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆயினும் பாடவில்லை. மாறாகத் துகில் என்னும் சொல் வேறோர் இடத்தில் வருகின்றது. மணமான பின் புனிதவதியார் இல்லறம் நடத்தும் பகுதியில், அடியார் வந்தால் அவர் அமுதளித்ததையும், பொன்னும் மணியும் துகிலும் வேண்டுவார்க்கு வேண்டியவாறு கொடுத்ததையும் சேக்கிழார் கூறுகின்றார். அத்துகிலுக்கு அவர் தரும் அடை ‘செழுமை’. புனைவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. நாம் தேடியது புனிதவதியார் உடுத்ததை. காப்பியம் காட்டுவது அவர் கொடுத்ததை. உடம்பின் வனப்பை ஒருநாள் உதறப்போகும் ஒருவருக்கு ஆடையணி புனைந்து பாடாமல், அவர் கையிலிருந்து ஆடை பிறர்க்குச் செல்வதாகப் பாடியது பொருளோடு கூடிய அமைதி என்றே யாம் கருதுகின்றோம். காப்பியத்தின் நோக்கம் இவ்வாறிருக்க, மேடையில் மணமகளின் புடவைக்குச் செலவிடும் கருத்தில் ஒரு பகுதியேனும் அவர் அடியார்க்கு நீட்டும் துணிக்கும் செலவிடுதல் தகும். அமுது படையற் காட்சியில் அவர் கையில் இருப்பது எத்துகில்?

துகில் என்பது பருத்தியா, பட்டா? இதற்கு விடை காலத்தோடு மாறுகின்றது. காரைக்காலுக்கு வடக்கே காவிரி கடலொடு கலக்கும் புகாரைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகர மகளிர் இரவில் பட்டாடையை நீக்கித் துகிலை உடுத்தியதாகக் கூறுகின்றது. ஒன்றை நீக்கி மற்றொன்றை உடுத்தல் கூறப்படுதலின் அப்பாட்டில் துகில் பட்டின் வேறானது. மெல்லிய பருத்தியாடை என்பதே பொருந்தும். பகலின் பகட்டுக்குப் பட்டும் இரவின் மென்மைக்குத் துகிலும் ஆயின. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதைக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லாரோ துகிலின் வகை என்று முப்பத்தாறு பெயர்களை அடுக்குகின்றார். அப்பட்டியலின் முதற்பெயர் கோசிகம். அது பட்டைக் குறிக்கும் சொல். பட்டினப்பாலையில் பட்டுக்கு எதிர்நின்ற துகில், உரையாசிரியர் காலத்தில் பட்டையும் தன்னுள் அடக்கிய பொதுப்பெயராகிவிட்டது. நிகண்டுகள் மேலும் ஒருபடி சென்று ஆடையின் பெயர்களை எல்லாம் ஒரு பொருட் பன்மொழியாகத் தொகுத்துவிட்டன. சேக்கிழார் இவ்விரு காலத்துள் பின்னதற்கு நெருங்கியவர். ஆதலின் அவர் கூறும் செழுந்துகில் பட்டாகவும் இருக்கலாம், உயர்ந்த பருத்தியாகவும் இருக்கலாம். ஆறாம் நூற்றாண்டுப் புனிதவதியார் கையில் அச்சொல்லை வைத்துப் பார்ப்போமாயின் பருத்தி என்பதற்கே சார்பு மிகுதி.

அடியார்க்கு நல்லார் தரும் முப்பத்தாறும் ஆடை புனைவாரிடையே பெரிதும் போற்றப்படுகின்றன. ‘சிலப்பதிகார கால ஆடைகள்’ என்று அவற்றைக் காட்டுவாரும் உளர். இது பெரும் பிழை. அப்பட்டியலில் தேவகிரி என்று ஒரு பெயர் உண்டு. குச்சரி என்று ஒன்று உண்டு. குச்சரி கூர்ச்சர நாட்டின் பெயரை நினைவூட்டுகின்றது. தேவகிரியோ யாதவ மன்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகராக்கிய ஊர். அவ்வூர்ப் பெயரால் ஒரு துணி தமிழகக் கடைகளில் விலைபோயிற்று என்றால் அது இளங்கோவடிகள் காலத்ததாக இருத்தல் இயலாது. உரையாசிரியர் தம் காலத்து அறுவை வணிகர் வாய்ப்பட்ட பெயர்களையே காப்பிய அடிக்கு விளக்கமாக எழுதினார். அதனால் அவர் பட்டியலின் மதிப்புக் குறைவதில்லை, கூடுகின்றது. இடைக்காலத் தமிழகத் துணிக்கடைக்கு இத்துணைச் சிறந்த சான்று வேறு எளிதிற் கிடைப்பதன்று. கண்ணகிக்கு உடுத்துவதற்கு மட்டும் அது உதவாது.

சங்கப் புலவர் ஆடையை வண்ணிக்கும் இடங்களைப் படிக்கும்போது வேறொரு கவனம் வேண்டும். இழை போன வழி கண்ணுக்குப் புலனாகாத, பாம்பின் உரி போன்ற ஆடையைக் கரிகாலன் கொடுத்ததாகப் பொருநராற்றுப்படை கூறும். மூங்கிலின் உட்படலம் உரித்தாற்போன்றது என்று சிறுபாணாற்றுப்படையும், ஆவி போன்றது என்று பெரும்பாணாற்றுப்படையும் கூறும். இவற்றைக் கொண்டு நூல் இத்துணை நுண்மையுடையது என்று கணக்கிடப் புகுவார் செயல், நிலவு போன்ற முகம் என்பதைக் கேட்டு முகத்தின் சுற்றளவை அளக்கப் புகுவார் செயலை ஒக்கும். பரிசிலின் உயர்வைக் கூறுவதே ஆற்றுப்படையின் தொழில். எனவே அவ்வுவமைகள் மதிப்பைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டா. வியப்பு யாதெனில், அதே பொருநராற்றுப்படையில் புத்தாடை பெறுமுன் பொருநன் உடுத்திருந்த கந்தலைப் பற்றிய செய்தி மிகத் தெளிவாக உள்ளது. ஈரும் பேனும் குடியிருந்தது, வேர்வையில் நனைந்தது, வேறு இழை கொண்டு இடையிடையே தைக்கப்பட்டது என்று மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. கிழிந்ததை எறியாமல் ஒவ்வாத நூலால் தைத்து உடுத்தனர் என்பது மீளப் புனைவார் கையில் ஊசியோடு செய்து பார்க்கத்தக்க செய்தி. ஆயினும் அக்கந்தலைப் புனைவார் ஒருவரையும் யாம் கண்டிலம். அரசியர் ஆடைக்கே போட்டி மிகுதி! நக்கீரர் புறப்பாட்டு ஒன்றில் உலகாளும் வேந்தனுக்கும் காட்டில் விலங்கு தேடி அலைவானுக்கும் உடுப்பவை இரண்டே என்றார். அரையாடை ஒன்று, மேலாடை ஒன்று என்று அவ்விரண்டைக் கொள்ளுதல் இயல்பு. அணியற்ற அந்த எண்ணிக்கை உவமைகள் பலவற்றினும் நமக்குப் பயன்படுகின்றது.

தையல் என்பது பழந்தமிழர் அறியாதது என்று ஒரு கருத்து ஆர்வலரிடையே பரவியுள்ளது. பொருநனின் கந்தலே அதனை மறுக்கும். புகார் நகரத் தெருக்களில் துன்னகாரர் இருந்ததை இந்திரவிழவூரெடுத்த காதை சொல்கின்றது. உடம்பு புகும்படி தைத்த சட்டையாகிய மெய்ப்பையை முல்லைப்பாட்டு யவனர்க்கு உரியதாகக் காட்டுகின்றது. எனவே தையல் இருந்தது. ஆயின் தைத்த மேற்சட்டை வேற்று நாட்டான் அடையாளமாக இருந்தது. இங்கேதான் புனைவார்க்கு இடர்ப்பாடு. 1973-ஆம் ஆண்டில் ஏ.பி. நாகராசன் இயக்கிய காரைக்கால் அம்மையார் படம் முதலாக, மேடையிலும் திரையிலும் புனிதவதியார்க்கு ரவிக்கை இன்றியமையாததாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த சோழர் ஓவியங்களிலோ ஆடல் மகளிர் இடைக்குமேல் அணிகலன்களோடு மட்டுமே காணப்படுகின்றனர். ஆதலின் சோழநாட்டு மகளிர் எவரும் மார்பு மூடியிலர் என்று முடிவுகட்டுவார் உளர். அதுவும் அவசரமே. மெல்லிய துகிலைக் கரைக்கோட்டால் மட்டும் உணர்த்திவிட்டு உடம்பைக் காட்டுதல் நம் சிற்பிகளுக்கும் ஓவியர்க்கும் வழக்கம்; ஆடல் மகளிர் கோலத்தை வணிகர் வீட்டு மகளிர்க்கு ஏற்றுதலும் முறையன்று. கச்சு, வார் என்னும் சொற்கள் இலக்கியத்தில் பயின்றும் வருகின்றன. இக்கால அவையில் நடிப்பவர் மார்பை மூடிக்கொள்ளுதல் அவர் உரிமை. அதனைப் பற்றி எவரும் வழக்காட வேண்டுவதில்லை. தைத்த கைகளையுடைய ரவிக்கைக்கு மாறாக அகன்ற கச்சோ இரண்டாவது துகிலோ கொண்டு மூடுதல் சான்றுக்கும் நாணுக்கும் ஒருங்கே பொருந்தும். ரவிக்கையே வேண்டுமென்பார் அணியட்டும். அதனை ‘ஆறாம் நூற்றாண்டு ஆடை’ என்று அறிவிக்காதிருந்தால் போதும்.

சாயத்தைப் பற்றிய அளவில் நம் கடற்கரையார்க்கு ஒரு நற்பேறு வாய்த்துள்ளது. பிரெஞ்சியர் 1739-ஆம் ஆண்டில் காரைக்காலைப் பெற்றனர். சோழமண்டலக் கரையின் வண்ணந்தீட்டிய பருத்தித்துணி அவர் நாட்டில் 1686 முதல் 1759 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. தடைசெய்யும் அளவுக்கு மக்கள் அதன்மேல் காதல் கொண்டிருந்தனர் என்பதே பொருள். அத்துணி செய்யும் நுட்பத்தை அறிய அவர் அவாவினர். 1734-ஆம் ஆண்டளவில் பொலியே என்னும் கடற்படை அலுவலர் புதுச்சேரியில் சாயத்தொழிலைப் படிப்படியாகக் கண்டெழுதி, ஒவ்வொரு படியிலும் துணியின் துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டார். அக்குறிப்பும் துண்டுகளும் பாரிசில் இன்றும் உள்ளன. 1742-ஆம் ஆண்டில் கேர்தூ என்னும் ஏசுசபைப் பாதிரியார் அத்தொழிலை விரிவாக மடலில் எழுதினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்தல், படிகாரம் தீட்டிய இடம் சாயவேரில் கொதிக்கும்போது செந்நிறம் பற்றுதல், நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடுதல் ஆகியன இக்குறிப்புகளால் விளங்குகின்றன. பாலின் கொழுப்பு வண்ண நீர் பரவாமல் காக்கின்றது. கடுக்காய்த் துவர்ப்புச் சாயத்தைப் பற்றவைக்கின்றது. சாயவேர் இக்கரையின் மணற்பாங்கில் விளைந்த பொருள். வேதிச் சாயம் தோய்த்த பட்டை வாங்கிச் ‘சோழர் செம்மை’ என்று பெயரிடுவோர் இக்குறிப்புகளை நோக்குவாராக.

பதினெட்டாம் நூற்றாண்டுக் குறிப்பை ஆறாம் நூற்றாண்டுக்கு அப்படியே ஏற்றுதல் ஆகாது என்பதும் உண்மையே. எனினும் தொழில்நுட்பத்தின் மாற்றம் சொற்பொருள் மாற்றத்தினும் மெல்லச் செல்வது. கோடாலிக் கருப்பூர்ச் சேலை இதற்கு எதிரான எச்சரிக்கையாகவும் நிற்கின்றது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கு எனப் பொன்னிழை கோத்து நெய்து, பின்னர் மெழுகிட்டுச் செஞ்சாயம் ஏற்றிய அத்துணி, அரசு 1855-ஆம் ஆண்டில் முடிவுற்றபின் ஆதரவிழந்தது. அருங்காட்சியகங்களில் துணியே எஞ்சியிருந்தும், இக்காலத்தில் அதனை மீள நெய்ய முயன்றோர் இடர்ப்பட்டனர். நெய்வோர் கையும் தீட்டுவோர் கையும் ஒருங்கே கூடினாலன்றி அது உருப்பெறாது. துணி எஞ்சிய இடத்திலேயே இந்நிலை என்றால், சொல் மட்டும் எஞ்சிய இடத்தில் எத்துணைப் பொறுமை வேண்டும்!

திருமணக் காட்சிக்கு யாது செய்வது என்று வினவின், எம் கருத்து இது. மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாடு, மக்கள் வாயில் கொரநாடு, மணப்பெண்ணின் கூறைப்புடவைக்குப் பெயர்பெற்றது. பருத்தியும் பட்டும் கலந்து கட்டங்களாக நெய்யப்பட்ட அப்புடவை காவிரிப் படுகை மக்களின் திருமண நினைவோடு ஒன்றியது. அதனைப் புனிதவதியார்க்கு உடுத்துதல் இவ்வட்டார மரபுக்கு ஏற்கும். ஆயின் கூறை என்னும் சொல் பழையது என்பது கொண்டு புடவையும் அத்துணைப் பழையது என்று கொள்ளற்க. திருமுருகன்பூண்டியில் வேடுவர் வழிப்போவாரைக் குத்திக் கூறை பறிப்பதாகச் சுந்தரர் பாடுகின்றார். அங்கே கூறை என்பது வழிப்போக்கன் இடையில் உள்ள எளிய துணி. ஆடை என்னும் பொதுமையிலிருந்து மணப்பெண் புடவை என்னும் சிறப்புக்கு அச்சொல் சுருங்கிற்று. துகிலோ சிறப்பிலிருந்து பொதுமைக்கு விரிந்தது.

இறுதிக் காட்சி புனைவார் எவர்க்கும் கடினமானது. அம்மையார் தசையின் வனப்பை உதறி எலும்புடம்பு ஆனதைச் சேக்கிழார் கூறுகின்றார். அம்மையாரே பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் பேய்மகளின் வற்றிய மார்பையும் புடைத்த நரம்பையும் குழிந்த வயிற்றையும் வரைகின்றது. ஆடையைப் பற்றி அங்கே பேச்சில்லை. மேடையில் இக்காலத்தார் பெரும்பாலும் வெண்புடவை அல்லது காவி உடுத்திவிடுகின்றனர். இரண்டிற்கும் நூற்சான்று இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடல்வல்லான் அடியில் தாளமிட்டுப் பாடும் அம்மையாரையும், நியூயார்க்கு, கான்சசு நகர அருங்காட்சியகங்களில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். வணிகன் மகளின் அணிகலன்களும் செழுந்துகிலும் நீங்கியபின்னும், வார்ப்புக் கலைஞர் அவர் இடையில் ஒரு சிறு துணியை விட்டுவைத்துள்ளனர். சேக்கிழார் பாடாது விட்ட ஆடையைச் செம்பில் காணும் இடம் அது. அத்துணி எத்துணை அகலம், எப்பக்கம் செருகப்பட்டது, மடிப்பு எத்தனை என்பனவற்றைப் புடவைக் கடைக்குச் செல்லுமுன் அத்திருமேனிகளின் படங்களை வைத்து வரைந்து பார்க்கலாம்.